என் மகள் வளர்க்கும் குதிரைகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தா. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே ஃபோனில் என் மகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். ஹைதராபாத் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் குதிரைப் பண்ணையில் வேலை. படிக்க வைத்தது நான், பெருமைப்பட வேண்டியதும் நான்தான். ஆனால் எனக்கு அந்தக் 'குதிரை' என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். எங்கள் பிளாக்கில் ஒருவர் மகன் இன்ஜினீயர், இன்னொருவர் மகள் பேங்க். எல்லாம் பர்மனென்ட். நான் மட்டும் 'என் பொண்ணு குதிரைக்கு ஊசி போடுறா' என்று எப்படிச் சொல்வது? "மருந்துக் கம்பெனியில் ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தேன். நாலு வருஷமாக அந்தக் குதிரைகளை எதற்காக வளர்க்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாலே, "சரி சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகத்தான் விடியற்காலையிலேயே திட்டு. குதிரைக்குத் தீவனம் வைக்க அவள் நாலரைக்கே எழுந்துவிடுவாள், அந்த நேரம்தான் பேசக் கிடைப்பாள்.

"அவங்க முன்னாடி குதிரை கிதிரைன்னு சொல்லித் தொலைக்காதே, புரியுதா?" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் கம்பூட்டுக்குள் காலை விட்டேன்.

எங்கள் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் எவனும் கம்பூட்டைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டாமல் காலை விடமாட்டான். மழைக்காலத்தில் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷமாகத் தட்டியவன், அன்றைக்குக் கோபத்தில் மறந்துவிட்டேன்.

சுருக்கென்று ஒரு குத்து. காலை உருவி, பூட்டை உதறினேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான பாம்புக்குட்டி விழுந்து குரோட்டன்ஸ் செடிக்குள் ஓடியது. முதுகில் வட்டம் வட்டமாகச் சங்கிலி போட்ட மாதிரி இருந்தது.

"அப்பா, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, வை ஃபோனை."

இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மனைவியைக்கூட எழுப்பவில்லை. அந்த வருஷம் நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இத்தனூண்டு பாம்புக்கா லீவு போடுவது, முதலில் போய் அட்டெண்டன்ஸ் பஞ்ச் போடுவோம், அப்புறம் ஃபர்ஸ்ட் எய்டில் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அதே பூட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். பாம்பு கடித்த காலோடு போய்ப் பஞ்ச் போட்ட மகாராஜன் நான்!

மைன்ஸ் கேட்டுக்குள் நாலடி வைப்பதற்குள் கால் நெருப்பாக எரிந்தது. எங்கள் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் தம்பி ஒருவர் எதிரே வந்தார். பக்கத்து ஊர்க்காரர்.

"இன்னா சார், நொண்டிகினு வர்றீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் என்னை உட்கார வைத்துப் பூட்டை உருவினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். கால் பன் மாதிரி உப்பியிருந்தது. ஊசி முனை அளவுதான் காயம், ரத்தம் நிற்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினார். நான் சும்மா இருந்தேனா? "இறுக்கிக் கட்டுப்பா, பிளேடால கீறு, வேர் குடுக்குறவங்க யாராவது இருக்காங்களா?" என்று அனத்தினேன். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. சந்தேகப்பட்டு மகள்தான் மறுபடி கூப்பிட்டிருந்தாள். தம்பி எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டதும், "கண்ணாடி விரியன். கட்டாதீங்க, கீறாதீங்க, ஒரு அடிகூட நடக்க விடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி" என்றாள். இத்தனை வருஷம் நான் அதட்டிய பெண், அன்றைக்கு அவள் அதட்ட நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் செய்தது எனக்கு விநோதமாக இருந்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் அதற்குள் கட்டியாகியிருக்கும். என்னுடையது தண்ணீர் மாதிரி ஓடியது. உள்ளே எங்கே கசிந்தாலும் இனி தானாக நிற்காது என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு உயிர்ப்பயம் வந்தது. மனைவி முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவோமே என்று அழுதேன்.

பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தைக் கலந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் நடுக்கமும். நர்ஸ் பதறவில்லை. மருந்தை நிறுத்தி, வேறொரு ஊசி போட்டு, அடங்கியதும் மறுபடி ஏற்றினார். "சில பேருக்கு இப்படி ஆகும்ங்க. குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கிற மருந்து இல்லையா" என்றார்.

"எதுலேர்ந்து?"

"குதிரைங்க. குதிரைக்குப் பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊசி போட்டுப் பழக்குவாங்க. அதோட ரத்தத்துல விஷத்துக்கு எதிர்ப்பு ஊறும். அதைப் பிரிச்சுத்தான் இது. பாம்புக்கடிக்கு இதை விட்டா வேற மருந்து கிடையாது."

சொல்லித் தொலைக்காதே என்று விடியற்காலையில் நான் சொன்னது இதைத்தான்.

மத்தியானம் இரண்டாவது குழாய். அதுவும் உறையவில்லை. அழுதுகொண்டே வந்த என் மனைவி, "உசிரோட இருந்தாத்தான அட்டெண்டன்ஸு? பஞ்சு போடப் போனாராம் பஞ்சு!" என்று வார்டே கேட்கும்படி வைதாள். மறுபடி மருந்து ஏற்றினார்கள்.

விமானம் பிடித்து, சென்னையிலிருந்து பஸ் பிடித்து மகள் வந்து நின்றபோது மாலையாகிவிட்டது. மூன்றாவது குழாய் நிறுத்தியிருந்தது. அப்பன், மகள் இருவர் கண்ணும் குழாய் மேல். டாக்டரம்மா எடுத்துச் சாய்த்தார். ரத்தம் நகரவில்லை. இன்னும் சாய்த்தார், தலைகீழாகவே கவிழ்த்தார். அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது!

"ஜெயிச்சிட்டீங்க சார்" என்றார் டாக்டரம்மா. அதுவரை கல் மாதிரி நின்ற என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வெளியே காத்திருந்த கான்ட்ராக்ட் தம்பி கேட்டுவிட்டுக் கையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள், விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்கே பழத்தோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார், "பொண்ணு அங்க என்ன வேலை பாக்குது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் போர்வையை விலக்கி, வீங்கிய காலை நீட்டினேன்.

"இந்தக் கால்தாங்க அவ வேலை. குதிரை வளர்க்கிறா. அந்தக் குதிரைங்க இல்லைன்னா நீங்க இன்னைக்கு மாலையோட வந்திருக்கணும்."

அந்த அம்மா காலை எட்டிப் பார்த்து, "அப்ப எங்களுக்கும் குதிரையைக் காட்டுவியாம்மா?" என்று அவளிடம் கேட்டார். சம்பந்தம் முடிந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து எல்லோருமாகப் பண்ணைக்குப் போனோம். ரத்தம் எடுத்த குதிரைகளுக்கு ஓய்வு என்று தனியாக மேய விட்டிருந்தார்கள். சிவப்பு அணுக்களை அவற்றின் உடம்பிலேயே திருப்பி ஏற்றிவிடுவோம் என்று மகள் விளக்கினாள். இந்த முறை நான் பேச்சை மாற்றவில்லை, ஒன்றுக்கு நாலு கேள்வி கேட்டேன். ஒரு பழுப்புக் குதிரை வந்து என் தோளில் மூக்கை உரசியது. எனக்கு வந்த மருந்து எந்தக் குதிரையுடையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வரிசையாக எல்லாவற்றுக்கும் கேரட் கொடுத்தேன்.

இப்போதும் கம்பூட்டை இரண்டு தட்டு தட்டித்தான் காலை விடுகிறேன். தட்டும்போதெல்லாம், யாரென்றே தெரியாத எனக்காக விஷத்தைத் தாங்கிய ஒரு குதிரையும், விடியுமுன் எழுந்து அதற்குத் தீவனம் வைத்த என் பெண்ணும் கண்முன் வந்து நிற்கிறார்கள்.