வலமாகச் சுற்றிய நாவல்

புத்தகம் ஒட்டின பழைய மைதாப் பசை வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம். போன வாரம் செஞ்சியில் பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு நின்றபோது அந்த வாசனை வந்தது. பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. மேலாக ஒரு நாவல். அட்டையில் எங்கள் கோட்டை ராஜகிரி மாதிரி ஒரு மலை, உச்சியில் ராக்கெட்.

"டைம் கீப்பர் போய்ச் சேர்ந்தாரில்ல, வீட்ட காலி பண்ணிட்டாங்க. அந்த மூட்டதான். இன்னா, வேணுமா?" என்றார் கடைக்காரர்.

அந்த நாவல் அச்சான பிரஸ்ஸில்தான் என் முதல் வேலை. முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் காட்ட வேண்டும். பெண்ணின் தாய்மாமன் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

டைம் கீப்பர் பஸ் ஸ்டாண்டில் கூண்டுக்குள் உட்கார்ந்து விசில் ஊதி வண்டிகளை அனுப்புகிறவர். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் விஞ்ஞானக் கதை எழுதுவார். இந்த நாவலில் அந்தகன் என்றொரு வில்லன், சூரியனையே அணைக்கப் பார்க்கிறவன். கதிர் என்று ஒருவன் அவனிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறான். "கெட்டவனுக்கு நேரம் தவறக் கூடாது" என்பது அந்தகனின் முதல் பாடம். பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் இருந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? எல்லாம் கற்றுக்கொண்ட கதிர் கடைசியில் குருவையே விண்வெளியில் தள்ளிவிடுகிறான்.

அவர் மனைவி சரோஜாக்காவுக்குக் கதை பிடிக்கவில்லை. "எழுதறதுக்கு நல்லவன் ஒருத்தனும் கெடைக்கலியா?" என்று பிரஸ்ஸிலேயே கேட்டார். டைம் கீப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கத நல்லா இருக்குதுன்னு நாலு பேரு சொல்லட்டும். சொல்லலன்னா பேனாவத் தொட மாட்டேன்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

புத்தகம் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அச்சான தாள்களைப் பதினாறு பக்கமாக மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அறையைச் சுற்றி அடுக்கி வைப்பார்கள். பெண்கள் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். அன்றைக்கு மழை. வாசலுக்கு இடப்புற மூலை ஒழுகியதால், பைண்டர் முதல் ஃபாரத்தை வலப்புறம் வைத்து அங்கிருந்து இடமாக அடுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். முன்னால் நடக்கிற ராணியக்கா வழக்கம்போல இடப்புறத்தில் தொடங்கி வலமாகச் சுற்றினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அப்புறம் கேட்டதற்கு, "எடமா சுத்தறதுக்கு இது இன்னா சாவு ஊடா?" என்றார்.

ஆக, கடைசி ஃபாரம் முதலில், முதல் ஃபாரம் கடைசியில். ஊரில் பாதிப் பேர் கைக்குப் போன பிறகுதான் டைம் கீப்பர் பிரித்துப் பார்த்தார். பிரஸ்ஸுக்கு ஓடி வந்தார். எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துத் தருவதாக முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்காக மேல்மலையனூர் வண்டி கண்டக்டர் உள்ளே வந்தார்.

"சார், செத்த வில்லன் திரும்பி வந்து, தள்ளிவுட்டவனுக்கே பாடம் எடுக்கறானே! பக்க நம்பரு கூட ராக்கெட் உடற மாரி எறங்கி வருது. கடைசில அந்தகன் 'நாளைக்கு நேரத்தோட வா'ன்றதோட முடிச்சிங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துட்ச்சி."

டைம் கீப்பர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு முதலாளியிடம், "அப்டியே இருக்கட்டும்," என்றார்.

ஊரே புகழ்ந்தது. சரோஜாக்கா கூடக் கோயிலில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். மாதங்கள் போயின. அடுத்த நாவல் வரவில்லை. ஒருநாள் கூண்டுக்குப் போய், "நாலு பேரு இன்னா சார், நாப்பது பேரு சொல்லிட்டாங்க. அடுத்தது எப்ப?" என்று கேட்டேன்.

"அது ராணி சுத்துன கத. என்னுத ஒருத்தனும் படிக்கலியே," என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கௌரவம் பார்க்கிறார் என்றும் நினைத்தேன்.

மூட்டையிலிருந்த பிரதியைப் புரட்டினேன். யாரோ பிரித்து, சரியான வரிசையில் அடுக்கி, சாக்குத் தைக்கிற நூலால் தைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான். பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். குருவைத் தள்ளிவிட்ட மறுநாள், கதிர் வழக்கமான பாட நேரத்துக்கு அந்த அறைக்கு வருகிறான். சூரியனை அணைக்கிற விசை அவன் கையில். "கதிர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். பாடம் எடுக்க யாரும் வரவில்லை." அதோடு கதை முடிகிறது.

இந்த வரி அந்தத் தலைகீழ்ப் புத்தகத்திலும் இருந்தது, முன்னாலிருந்து எண்ணினால் பதினாறாவது பக்கத்தில். ஒருவரும் அங்கே நிற்கவில்லை. நானும்தான்.

நன்றாக இருந்தது. கண்டக்டர் அழுத முடிவைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பிரஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. கூண்டு இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்தது. மேல்மலையனூர் வண்டி விசில் இல்லாமலே கிளம்பிப் போனது.