தெற்கு வானம் மூடிய காலை

மலாயாவில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் வெள்ளைக்காரத் துரை சொந்தமாக ஒரு சின்ன விமானம் வைத்திருந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஆபீசுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் அது ஏறும், இறங்கும்.

அந்த நாளில் ஜொகூர் நீரிணையை ஒட்டிக் கடற்படைத் தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே யாரும் பறக்கக் கூடாது. பீரங்கிப் பயிற்சி நாட்களில் சுற்றியுள்ள வானத்தையும் சேர்த்து மூடிவிடுவார்கள். துரை தெற்கே சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன் தளத்தாரிடம் டெலிபோனில் கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதி, வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. விமானத்தில் ரேடியோ கிடையாது. அதனால் பறக்கும்போது செய்தி மாறினால் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். தெற்கே திரும்புமுன் துரை ஆபீசுக்கு மேலே வந்து பார்ப்பார். புல்வெளியில் வெள்ளைத் துணி பெருக்கல் குறியாகக் கிடந்தால் இறங்கிவிடுவார்.

இரண்டு வருஷம் இதைச் செய்தேன். ஒரு நாளாவது என்னை ஏறச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் மனைவியின் தம்பிக்கு நான்தான் சிபாரிசு செய்து அதே ஆபீசில் சின்ன கிராணி வேலை வாங்கிக் கொடுத்தேன். அவன் வந்த மூன்றாம் மாதம், வழி பார்த்துச் சொல்ல அவனைத் துரை ஏற்றிக்கொண்டார்.

“மச்சான், நீங்க போட்ட கோடு மேலேர்ந்து பாத்தா அப்படியே சரியா இருக்கு” என்று சாப்பிடும்போது சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். என் மனைவி மீனின் நடுத்துண்டை அவன் தட்டில் வைத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை இருவரும் கிழக்கே மெர்சிங் பக்கம் கடலைப் பார்க்கப் போனார்கள். அங்கிருந்து திரும்பி, ஆபீசைத் தாண்டி சிங்கப்பூர் போவதாகத் திட்டம். போகும்போது தெற்கு வானம் திறந்திருந்தது. அவர்கள் போன பிறகு டெலிபோன் அடித்தது. பீரங்கிப் பயிற்சியைச் சொன்ன நேரத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறார்களாம், உடனே மூடுகிறார்களாம். நேரம் பத்து ஐந்து. நோட்டில் எழுதினேன். துணியை எடுத்தேன்.

எடுத்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். வழி சொல்பவன் தடை வானத்துக்குள் கொண்டுபோய்விட்டால் துரை இனி அவனை ஏற்றுவாரா? அது மட்டும்தான் மனசில் ஓடியது. கால் மணி நேரம் நின்றிருப்பேன். கிழக்கே இரைச்சல் கேட்டது. தலைக்கு மேலே வந்தது, தாண்டியது. அப்போதுதான் பீரங்கி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் துணியை விரித்தேன். விமானம் மரங்களுக்கு மேல் சிறுத்துக்கொண்டே போனது.

அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். விமானம் வளைந்து வந்து இறங்கியது.

“நல்ல கண்ணு இவனுக்கு!” என்று துரை தோட்டத் தமிழில் சொல்லி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். செய்த காரியத்துக்கு வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது.

துரை பங்களாவுக்குப் போன பிறகு அவன் என் மேசைக்கு வந்தான்.

“மச்சான், நாங்க தாண்டுறப்ப துணி இல்லியே?”

“அப்பத்தான் போன் வந்துச்சு.”

நோட்டு திறந்தே கிடந்தது. பத்து ஐந்து என்ற என் எழுத்தை அவன் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான்.

“சரி மச்சான்” என்றான்.

துரையிடமும் சொல்லவில்லை, அக்காளிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் துரை என்னைக் கூப்பிட்டார். “உன் மச்சான் சொன்னான். உனக்குத்தான் வானம் நல்லாத் தெரியுமாம். ஞாயித்துக்கிழமை நீ வா.”

இரண்டு வருஷமாக ஏங்கிய வார்த்தை. ஆனால் அவன் விட்டுக்கொடுத்து என் கைக்கு வந்தது.

“தலைசுத்தல் இருக்குங்க துரை” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே ஏறினான். நான் டெலிபோனில் கேட்டு, தெற்கு வானம் திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். கீழே பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.