வண்டு கத்தாத கோடை

செருப்புத் தொழிற்சாலையில் மேல்பாகம் தைக்கிற பெண்கள் அத்தனை பேரிலும் அவளுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் உண்டு. வண்டம்மா. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு ஊர் வம்பையும் திறக்கிற நேரத்தில், இவள் வெட்டும் மேசைக்கடியில் குனிந்து கழிவு ஃபோம் துண்டுகளைக் கிளறிக்கொண்டிருப்பாள். கறுப்பில் நல்ல தடிமனாக ஒன்று கிடைத்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "என்னத்துக்குடி அந்தக் குப்பை?" என்று ஒருத்தி கேட்க, "வண்டு செய்ய" என்று இவள் வெள்ளந்தியாகச் சொல்ல, அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, அவள் செய்தது வண்டுதான். அந்த ஊர் ஆற்றில் ட்ரவுட் மீன் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற, உடம்பெல்லாம் புள்ளி வைத்த, சரியான சந்தேகப் பிராணி. தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரியே ஒன்றைக் கட்டி, தண்ணீர்மேல் வீசித்தான் அதைப் பிடிப்பார்கள். மற்ற மாதங்களில் கொசு அளவுக்குக் கட்டினாலும் மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, போடா என்று போய்விடும். கோடையில் சில்வண்டு வெளிவருகிற சில வாரங்களில் மட்டும் அதற்குப் புத்தி கெட்டுவிடும். கட்டைவிரல் தடிமனுள்ள வண்டு மரத்திலிருந்து பொத்தென்று தண்ணீரில் விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் துடிக்கும். அடி ஆழத்தில் கிடக்கிற கிழட்டு மீன்கூட மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கல்யாணமான புதிதில் பூச்சி கட்டிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன்தான். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸில் மோட்டார் பார்க்கிற வேலை அவருக்கு. ஆறு என்றால் உயிர். ஆனால் கை இருக்கிறதே, நூல் சுற்றினால் மூட்டை கட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அவர் கட்டிய வண்டை அவள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாருங்க கட்டினது, கரடியா?"

"மீனுக்கு இது போதும்" என்று அவர் முறைத்தார்.

அவள் அதைப் பிரித்து, முள்ளைத் தனியே எடுத்து, தன் கையால் கட்டிக்கொடுத்தாள். அன்று அவர் கையைவிட்டுப் போன வேலை திரும்பி வரவே இல்லை. அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

முள்ளைச் சின்னப் பிடிப்பானில் கவ்வவைத்து முதலில் அடிநூல் ஓட்டுவாள். வயிற்றுக்குப் பச்சைக் கம்பளி இழை. முதுகுக்குக் கறுப்பு ஃபோம் இரண்டு அடுக்கு, இடுப்பில் நூல் புதையும்படி இறுக்கிக் கட்டியது. கால்களுக்கு ரப்பர் இழை. இறக்கைக்குச் செருப்புப் பெட்டியில் வருகிற கண்ணாடித்தாள். கத்துவது ஆண் வண்டு மட்டும்தான்; அதற்கு அடிவயிற்றில் இரண்டு செதில் தகடு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. மீன் அதையெல்லாம் பார்க்கப்போகிறதா என்ன? இருந்தாலும் அவள் ஆண் வண்டென்றால் தகடும் வைப்பாள். கடைசியாக முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. அடியிலிருந்து பார்க்கிற மீனுக்கு அது தெரியாது. கரையில் நிற்கிற புருஷன் கண்ணுக்குத் தன் வண்டு எங்கே மிதக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

இத்தனைக்கும் உயிருள்ள வண்டு ஒன்றை அவள் தொட்டதே கிடையாது. பூச்சி என்றால் குலைநடுக்கம். அவர் தீப்பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிற செத்த வண்டைக்கூட ஊசியால் தள்ளித்தள்ளித்தான் பார்ப்பாள். ஆற்றுப் பக்கமும் போனதில்லை. கட்டுவது அவள், வீசுவது அவர். சாயங்காலம் அவர் வந்து சொல்கிற கதையில்தான் மீனைப் பார்ப்பாள். "மெதுவா வாயைத் திறந்துச்சு பாரு, நம்ம பம்ப் ஹவுஸ் இன்ஜினியர் கொட்டாவி விடற மாதிரி" என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொல்வார். சோறு ஆறிப்போகும். அவளுக்கு அந்த நேரம்தான் நாளிலேயே நல்ல நேரம்.

அந்தக் கதை ஒரு வருஷமாக நின்றுபோயிருந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்று பம்ப் ஹவுஸில் சின்னதாக ஒரு விருந்து. "இனிமே எங்க வீட்டு நாற்காலிக்கு நிரந்தரமா ஒரு ஆள் கிடைச்சாச்சு" என்று அவள் கிண்டலாக ஒன்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் அவள் மனசில் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மனுஷன் மாறினார் என்று அவளாக முடிவு கட்டினாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேள்வி கேட்டால் பதில் வராது. வந்தாலும் சம்பந்தமில்லாமல் வரும். வெளியூரில் இருக்கிற மகள் போன் செய்தால், "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று உடனே கைமாற்றிவிடுவார்.

சரி, அவருக்குப் பேச்சே வெறுத்துவிட்டது என்று விட்டுத்தொலைக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வேலியோரம் வந்து நின்றால் போதும், சிரிப்பும் கும்மாளமும்தான். லாரி டிரைவருக்கு அடிவயிற்றிலிருந்து வருகிற கட்டைக்குரல். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரோடு பேசத் தெரிகிறது, பெண்டாட்டியோடு பேச மட்டும் வாய் வலிக்கிறதா?

மகளுக்கு விஷயம் புரிந்தோ புரியாமலோ, "இங்கே வந்து என்கூடவே இரும்மா" என்று கூப்பிட்டாள். ஒரு காலையில் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பின்னால் நின்று கேட்டாள்.

"என்னங்க, மக கூப்பிடறா. அங்கேயே இருந்துடச் சொல்றா. போகட்டுமா?"

அவர் இரண்டாவது ஷூவுக்கும் லேஸைக் கட்டினார். எழுந்தார். போய்விட்டார்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிப் பதில் சொல்வான்? அழுது முடித்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, துணிகளை அடுக்கி, கட்டிலுக்கடியில் தள்ளினாள். வண்டுக் காலம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டியது. அதுவரை எதற்குக் காத்திருப்பது என்று அவளையே கேட்டால் அவளுக்கும் தெரியாது. மனசு கசந்திருந்தாலும் கை கேட்கவில்லை. அந்த வருஷத்து வண்டுகளையும் வழக்கம்போல் கட்டி, சின்ன வண்டுப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, அவர் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கோடை வந்தது. சில்வண்டும் வந்தது. வெயில் ஏறினால் அதன் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. பெட்டி மட்டும் தொப்பிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அவர் வெயில் தாழ்ந்த பிறகு, வண்டெல்லாம் அடங்கின நேரத்தில், பழைய குட்டிப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். நான் கட்டினது என்றால் தொடக்கூடப் பிடிக்கவில்லை என்று அவள் மனசு உடைந்தாள். பேசாமல் இருப்பதைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு விடுமுறை நாள் முற்பகல், மேசைக்கு எதிரே முகத்துக்கு முகம் உட்கார்ந்து, வெளியே இருந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டேவிட்டாள்.

"வண்டுப் பெட்டியை ஏன் தொடவே மாட்டேங்கறீங்க?"

அவர் ரொட்டியைப் பிட்டபடி நிமிர்ந்தார். "வண்டு வரட்டும், எடுத்துக்கறேன். இந்த வருஷம் ஏனோ ஒண்ணையும் காணோம். ஒரு சத்தமாவது இருக்கா பாரு."

ஜன்னல் திறந்தேதான் இருந்தது. மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை, சாணை பிடிக்கிற சக்கரம் ஆயிரம் சேர்ந்து ஓடுகிற மாதிரி சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றாள். அவர் ரொட்டியை மென்றார். "உங்களை மாதிரி ஒரு கல்லுளிமங்கனை நான் பார்த்ததே இல்லை" என்றாள். அவர் தேநீரை ஊதிக் குடித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை வருஷம் மோட்டார் பக்கத்திலேயே நின்ற காது. கட்டைக்குரல் கேட்கிறது, மெல்லிய குரல், மகள் குரல், தன் குரல், வண்டின் குரல், எதுவும் கேட்கவில்லை. மனுஷன் என்மேல் கோபமாக இல்லை! முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளுகிற அளவுக்குச் சந்தோஷம். புருஷனுக்குக் காது போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்ற வெட்கம் அப்புறம்தான் வந்தது. அதற்குப் பிறகு அழுகை.

நேராகச் சொன்னால் நடக்காது. காய்ச்சலில் கிடக்கும்போதும் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிற ஆள். அவள் முன்னால் வந்து நின்று, வண்டுப் பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு நானும் ஆத்துக்கு வரேன்."

"நீயா?" என்றார். சூரியன் உதித்த திசையைச் சரிபார்க்கிறவர் மாதிரி ஜன்னலை ஒரு முறை பார்த்தார்.

ஆற்றோரம் நல்ல வெயில். அவள் காதே அடைத்துப்போனது. அவர் நிம்மதியாக, அமைதியான இடத்துக்கு வந்தவராக நடந்தார். "வண்டே இல்லாத ஆத்துல வண்டைப் போட்டா மீன் நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, அவளுக்காக, அவள் கட்டியதில் ஒன்றை மாட்டி எதிர்க்கரை மரத்தடியில் பொத்தென்று விழும்படி வீசினார். ஆரஞ்சுப் பொட்டு மிதந்து வந்தது. அதற்கடியில் தண்ணீர் கறுத்தது. ஒரு பெரிய தலை, அவசரமே இல்லாமல், மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. "இழுங்க!" என்று அவள் அலறினாள். அவருக்குக் கேட்டால்தானே? மீன் தலையைத் திருப்பும்வரை பொறுத்து, தூண்டில் கோலை உயர்த்தினார். கோல் வளைந்தது. கொஞ்ச நேரம் கரையில் அப்படியும் இப்படியும் ஓடி, முழங்கால்வரை நனைந்து, மீனை வலையில் வாங்கி, அவளுக்குக் காட்டிவிட்டு ஆற்றிலேயே விட்டார்.

"பார்த்தியா? பார்த்தியா? எப்படி வந்து எடுத்துச்சு பார்த்தியா! வண்டே வரல, அதுக்குள்ள இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து அவர் கை காலை ஆட்டிப் பேசினார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. சொல்லாமல் இப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பக்கத்து மரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ஒரு வண்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதைப் பிடித்தாள். அது கையில் அலறித் துடித்ததில் உடம்பெல்லாம் கூசி, தானும் ஒரு கூச்சல் போட்டு, ஓடிவந்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அட, வந்துடுச்சா!" என்று அவர் முகம் மலர்ந்தது. "பூச்சியைக் கையில பிடிச்சியா நீ? சரி, பொட்டை வண்டு. அதான் கத்தலை."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் கையைப் பிடித்து வண்டைப் புரட்டிக் காட்டினாள். அடிவயிற்றில் இரண்டு தகடு. அவளே ஒவ்வொரு வருஷமும் வெட்டி வைக்கிற அதே தகடு.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூடிய கையைக் காதில் வைத்தார். மறு காதுக்கு மாற்றினார். கைக்குள் அது அதிர்வது அவருக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை என்பது அவர் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. கையைத் திறந்துவிட்டார். வண்டு பறந்தது.

"கத்திச்சா?"

"கத்திச்சு."

"மரத்துல இருக்கறதெல்லாம்?"

"எல்லாம் கத்துது. காது கிழியுது."

அவர் கரைக்கல்லில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் எதிரே, அவர் முகத்துக்கு நேராக, மணலில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"உன் வாய் அசையும். என்னமோ நீ உனக்குள்ளேயே முணுமுணுத்துக்கறேன்னு நினைச்சேன். வேலையில்லாதவன்கிட்ட என்ன பேச்சுன்னு நீ விட்டுட்டேன்னு நினைச்சேன். கட்டிலுக்கடியில பெட்டியைப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமக் கிளம்பறியேன்னு..."

"சொன்னேனே!" அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "கேட்டேனே உங்களை! நீங்க லேஸ் கட்டிக்கிட்டிருந்தீங்க, நான் பின்னாலேயே நின்னு கேட்டேனே!"

"என்ன கேட்டே?"

அவள் இன்னும் கிட்டத்தில் நகர்ந்து, இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். லாரி டிரைவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"போகட்டுமான்னு கேட்டேன்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதே" என்றார்.