பகல் மூன்று மணிக் குரல்

காலை எட்டேகாலுக்கு மும்பையின் செம்பூரில் இறங்கினேன். தாதரில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறி வர டிக்கெட் பத்து ரூபாய். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் மனநலம் பற்றிக் கேள்வி கேட்டு எழுதுவது என் வேலை. அதே வேலையில் இருப்பவர்கள், பாதியில் நிற்கும் ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு நாள் கூடினோம்.

பத்து மணிக்கு ஒரு சங்கத்தின் மாடியில் கூட்டம் தொடங்கியது. மூன்றாவதாகப் பேசியவள் கவிதா; தாராவியில் பிறந்தவள். 'யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' என்பது எங்கள் எல்லோர் படிவத்திலும் உள்ள கேள்வி. தாராவியில் ஒரே சந்தில் மூன்று பெண்கள் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். பகல் மூன்று மணி வாக்கில் ஒரு பெண் குரல், 'கதவைத் திற' என்கிறதாம்.

"ஒருத்தி சொல்லி இன்னொருத்தி பயந்திருப்பா," என்றார் தலைமை வகித்த பேராசிரியர்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஆனா அவங்க யாரும் வெளிய மூச்சு விடல. பைத்தியம்னு சொல்லிருவாங்களேன்னு பயம். ஒரு அக்காவ வீட்டுக்காரர் ஊருக்கு அனுப்பப் போறாரு. மத்தவங்களுக்கும் கேக்குதுன்னு நான் சொல்ல முடியாது. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துதான் கேட்டேன்."

சாப்பாட்டு வேளையில், அந்தச் சந்துக்கு நானும் வரட்டுமா என்றேன். ஊருக்கு அனுப்பப்படவிருந்த அந்தப் பெண்ணுக்குக் கவிதா போன் போட்டுச் சம்மதம் வாங்கினாள்.

இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். நூற்றுப் பத்து ரூபாய். "உள்ளே வண்டி போகாது," என்று டிரைவர் இந்தியில் சொல்லி மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. பட்டப்பகலில் பல்பு எரிந்தது. எங்கும் தையல் மெஷின் சத்தம்.

அந்தப் பெண் முத்துலட்சுமி. முப்பது வயதிருக்கும். நான்கு வயது மகள் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு டிக்கெட் எடுத்துட்டாரு," என்றாள். "பிள்ளைய இங்கயே வச்சுக்கிடுவாராம். அக்கா, நீங்க படிச்சவங்க. பாத்தா எனக்குக் கிறுக்கு மாதிரியா தெரியுது?"

இல்லை என்றேன். மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்கள் இருக்கும். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டீ நேரம் போல. அந்த அமைதியில், கதவுக்கு வெளியே, என் காதுக்கு வெகு அருகில், களைத்துப்போன ஒரு பெண் குரல் சொன்னது.

"கதவத் தொற."

முத்துலட்சுமி கதவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். கவிதா எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே யாரும் இல்லை. அதே நேரம் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்றும். இரண்டு வாசல்களிலும் ஆளுக்கொரு பெண். வெறும் சந்தைப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு மரியம்மா கேட்டாள்: "ஏட்டி முத்து, ஒனக்குமா?"

முத்துலட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மரியம்மா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் வீட்டுக்காரர்ட்ட நான் பேசுதேன். எனக்கும் ஒரு வருசமாக் கேக்கு. என்னை எந்த ஊருக்கு அனுப்புவாருன்னு கேக்கேன்."

திரும்பும் வழியில் கவிதா கேட்டாள்: "அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? எழுதிக்கிடட்டுமா?"

"வேண்டாம்," என்றேன், யோசிக்காமலே. அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பகல் பதினொன்றரைக்குத் தாதரில் ஊர் வண்டிக்காக நின்றபோது அவளே போனில் கூப்பிட்டாள். முத்துலட்சுமியின் டிக்கெட்டை வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டாராம். இனி மூன்று மணிக்கு மூன்று பெண்களும் ஒரே வீட்டில் இருப்பதாகப் பேசிக்கொண்டார்களாம். குரல் யாருடையது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

"என்னையும் எழுதிக்கோ," என்றேன்.

அவள் படிவத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. வயது கேட்டாள். ஐம்பத்திரண்டு. அடுத்து, "வீட்டுல உங்க கூட யாரு இருக்காங்க?"

கிராமத்துப் பெண்களிடம் இதைக் கேட்டுவிட்டு, பதில் வரத் தாமதித்தால் கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். கவிதா காத்திருந்தாள். வண்டி வந்து நின்று, கூட்டம் ஏறி முடிந்த பிறகுதான், "யாருமில்ல, நான் மட்டும்தான்," என்றேன்.