சத்தம் பத்தாத ஹெட்போன்

ஹெட்போனின் காதுப் பகுதியைச் சுற்றியிருக்கும் கறுப்பு உறை வியர்வையில் ஊறிக் காய்ந்து மறுபடியும் ஊறினால் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். ரப்பரும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் கலந்து, வெகுநாள் அலமாரிக்குள் கிடந்த செருப்பு மாதிரியான வாடை. அப்பா அதைக் கழற்றும்போது உரிந்த உறையின் துணுக்குகள் காதுமடலில் எள்ளைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். "காதுல எள்ளு வெதச்சிருக்காரு உங்கப்பா, வெள்ளாம எப்பன்னு கேளு" என்று அம்மா துண்டால் துடைத்துவிட, அப்பா சிரித்துவைப்பார். அந்த ஒரு ஹெட்போனைத் தேடிப் பிடிக்க நாங்கள் பட்ட பாடும், கிடைத்த பிறகு பட்ட பாடும் சேர்ந்ததுதான் என்னுடைய பத்தாவது வயது.

நாங்கள் ஜொகூரில் காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வந்தவர்கள். ஆலையின் முதுகை ஒட்டி இரண்டு வரிசைத் தொழிலாளர் வீடுகள்; அதற்கு 'மில்லு லைன்' என்று பெயர். பழக்குலைகளை அவிக்கும் நீராவி சீறுவதும், அவிந்ததைப் பிழியும் இயந்திரம் உறுமுவதும் பகலிரவு பாராமல் சுவர்களை அதிரவைத்துக்கொண்டிருக்க, அந்த லைனில் எவரும் எவரோடும் சாதாரணக் குரலில் பேசியதே கிடையாது. உப்புக் கடன் கேட்பதும் கத்தல், கல்யாணப் பேச்சும் கத்தல், எழவு விசாரிப்பதும் கத்தல்தான். வெளியூர்ச் சொந்தங்கள் வந்தால், "என்னா இது, வந்த நேரத்துல சண்ட போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். அப்பா பிழியும் இயந்திரத்தின் பக்கத்திலேயே வாலிபத்தை நின்று தீர்த்தவர். காதில் அடைத்துக்கொள்ள ஆலையில் கொடுத்ததை அங்கே யாரும் அடைத்துக்கொள்வதில்லை; இயந்திரம் சிக்கப்போகிறதா என்பதை அதன் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள், காதை மூடினால் வேலை எப்படி நடக்கும்? "மெசின் பேசும், நம்ம கேக்கணும்" என்பது அப்பாவின் வாக்கு. கேட்டார், கேட்டார், அப்படிக் கேட்டார்.

ஆலை கைமாறியதும் லைன் வீடுகளைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். உலு திராமில் 'தாமான்' என்கிற குடியிருப்பு ஒன்றில் வரிசை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம், அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் 'ஜாகா' வேலை, அதாவது காவலாளி வேலை, கிடைத்தது. புது வீட்டில் எனக்கு முதலில் பயம் தந்தது அமைதிதான். அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டில் கேட்டது. அப்படியானால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே என்னென்ன கேட்டிருக்கும்! நாங்கள் மூவரும் பேசுவதே ஊர்க்கூட்டம் மாதிரி. அதற்கு மேல் அப்பாவின் கேசட் ரேடியோ. பொழுதோடு வேலையிலிருந்து வந்து குளித்ததும் பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டு, பொத்தானை எவ்வளவு திருகமுடியுமோ அவ்வளவும் திருகி, பாட்டுக்குச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம், குடியும் இல்லை, சீட்டும் இல்லை.

அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, 'மக்சிக்' என்றுதான் கூப்பிடுவோம், மருத்துவமனைத் தாதி. முறை மாறி வேலைக்குப் போகிறவர், அந்த நேரத்தில்தான் தூங்குவார். பாவம், இரண்டு முறை வந்து கெஞ்சிப்பார்த்தார். மூன்றாம் முறை எங்கள் வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய். தன்மையான மனிதர், கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார். "அம்மா, நீங்க நல்ல குடும்பம், எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு தடவ புகார் வந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்குங்க, என்னைய சங்கடத்துல வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குச் சட்டி பானையையெல்லாம் இடித்து இடித்து வைத்தார். "எத்தன வாட்டி சொல்றேன், கொறச்சு வைங்கன்னு! செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி நான் ஒருத்தி ஊதிக்கிட்டே இருக்கேன்!" அப்பா அதற்கும் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கும். ஒன்று, பாட்டு நிற்க வேண்டும். இல்லை, வீடு போக வேண்டும். ஹெட்போன் என்ற யோசனை அந்த இக்கட்டில்தான் பிறந்தது.

முதல் ஹெட்போனை சிங்கப்பூரில் வேலை செய்த மாமா, யாரோ கழித்துப்போட்டது என்று கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க மலைப்பாக இருந்தது. விமானம் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்வது போல் பெரியது, சுருள்சுருளாக வயர். ஆனால் ரேடியோவில் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது மாதிரி முனகியது. அம்மாவும் போட்டுப்பார்த்தார், நானும் போட்டுப்பார்த்தேன், எல்லோருக்கும் முனகல்தான். பெக்கான் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோனோம். அவர் அதன் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "இனி ரேடியோ தாடா தெனாகா" என்றார். இந்த ரேடியோவுக்குத் தெம்பு இல்லை என்று பொருள். ஓம் என்று ஓர் அளவு உண்டாம். அந்த எண் முந்நூறு, அறுநூறு என்று போனால் நடுவில் சத்தத்தைப் பெருக்கும் 'எம்ப்' ஒன்றைத் தனியாக வைத்துத் தள்ளினால்தான் சத்தம் வரும். முப்பத்திரண்டோ அதற்குக் கீழோ இருந்தால் சின்ன ரேடியோவே போதும், விலையும் நமக்குக் கட்டுப்படியாகும். "கோயில்லதான் ஓம் கேட்டிருக்கேன், இதுலயுமா?" என்று அம்மா ஆச்சரியப்பட்டாலும் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்களைக் கெடுத்ததும் அந்தப் பாடம்தான். அதன்பிறகு எது கேட்கவில்லை என்றாலும் குற்றம் ஹெட்போனுடையது என்று முடிவுகட்டிவிட்டோம்.

இரண்டாவதைத் தவுக்கேயிடமே வாங்கினோம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அழுக்காகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் அப்பாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. முப்பத்திரண்டு ஓம், மெல்லிய பஞ்சு வைத்தது. அப்பா தலையில் மாட்டி, பொத்தானைக் கடைசிவரை திருகி, உதட்டைப் பிதுக்கினார். "சத்தம் பத்தல." ஆனால் அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு அந்தப் பாட்டின் வரிகூடப் புரிந்தது. "இங்க வரைக்கும் கேக்குது, உள்ள கேக்கலையாம்!" என்று கொஞ்ச நேரம் யோசித்தவர், பிறகு தெளிந்துவிட்டார்: பஞ்சு மெல்லிசு, சத்தம் முழுவதும் வெளியே ஒழுகிவிடுகிறது, உள்ளே போக ஒன்றும் மிச்சமில்லை, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்தால் நிற்குமா! எனக்கும் அது முழு நியாயமாகத்தான் பட்டது. தவுக்கேகூட, மூடிய கிண்ணம் வைத்தது இருக்கிறது, ஒழுகாது, ஓமும் குறைவு என்று மாற்றிக்கொடுத்தார்.

மூன்றாவது அதுதான், காதில் எள் விதைத்த ஹெட்போன். கறுப்பு உறை காதைச் சுற்றிக் கவ்விப்பிடித்தது. வெளியே ஒரு பூச்சியின் ரீங்காரம் அளவுக்குத்தான் கசிந்தது. மக்சிக் தூங்கலாம், வீடு தங்கும் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு, "நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தா தேவல" என்று சொல்லிக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவருக்கு என்னதான் வேண்டுமாம் என்ற எரிச்சலில், கட்டளையை மறந்து நான் எடுத்து மாட்டினேன்.

மாட்டிய வேகத்தில் பிடுங்கி வீசினேன். யாரோ இரண்டு காதிலும் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது, அழுதேவிட்டேன். என்னவோ ஏதோவென்று ஓடிவந்த அம்மா, தரையில் கிடந்ததை எடுத்துத் தம் காதருகே கொண்டுபோய், சட்டென்று இறக்கினார். அடுப்படியில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க" என்றார் அம்மா, லைனில் கூப்பிடுவது போலல்ல, மற்ற மனிதர்கள் கூப்பிடுவது போல. அப்பா திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை, "ஏங்க." இல்லை. அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். எத்தனை காலமாக எங்கள் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார்; புரியாதபோதெல்லாம் சிரித்திருக்கிறார்! எல்லோரும் கத்துகிற ஊரில் ஒருவருக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்?

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "தெரியும். காது போச்சுன்னு சொன்னா யாரு வேல குடுப்பா? இதுலயாவது கேக்கும்னு நெனச்சேன்" என்றார் அப்பா. பாட்டு மட்டும் எப்படிப் புரிகிறது, தாளம் தப்பவில்லையே என்று கேட்டதற்கு, "எல்லாம் தெரிஞ்ச பாட்டுதான. கொஞ்சமா எரச்சல் வந்தா போதும், மிச்சத்த நான் உள்ளுக்குள்ள பாடிக்குவேன்" என்றார். செவிடன் காதில் சங்கு என்ற பழமொழியை அம்மா அதற்குப் பிறகு வாயால் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தது. புதுப் பள்ளியில் பிள்ளைகள் எனக்கு 'மில்லு ஸ்பீக்கர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள்; டீச்சர், "கத்தாம பேசும்மா, நாங்க பக்கத்துலதான இருக்கோம்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். வீட்டில் கேசட்டில் என் பேச்சைப் பதிந்து, மெதுவாக வருகிறதா என்று போட்டுப்பார்ப்பேன். ஒருநாள் அப்பா தம் கேசட் என்று நினைத்து அதைப் போட்டுவிட்டார். சத்தம் முழுவதும் திருகி, இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள யாரு பாப்பா, ரேடியோவுல பேசுறது? எவ்ளோ அழகா பேசுது" என்றார்.

நான்தான் என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை. மறுபடி ஓட்டிப் போட்டு, நான் எதிரே நின்று அதே வரிகளை வாயசைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். பாட்டையெல்லாம் அவர் காது போவதற்கு முன்னால் கேட்டிருந்தார். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். என் கத்தலைத்தான் கேட்டிருந்தார், அதுவும் பாதி. என்னைப் பெற்றவருக்கு என் குரல் தெரியாது.

ஜொகூர் பாருவில் காது மருத்துவரிடம் காட்டினோம். ஆலை தின்றது போக மிச்சமிருப்பதை இந்த ஹெட்போன் தின்றுவிடும், இனி தொடவே கூடாது என்றார் அவர். தேடித்தேடி வாங்கிய சாமான், தனி எம்ப் இல்லாமலேயே இவ்வளவு சத்தம் தருகிறது என்று நாங்கள் மெச்சிக்கொண்ட அந்தக் குணம்தான் அவர் காதுக்கு எமனாக இருந்தது. காதில் வைக்கும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அது விசில் அடித்தது, மோட்டார் சைக்கிளையும் மனிதனையும் ஒரே குரலில் தந்தது, அப்பா கழற்றி வைத்துவிட்டார். அம்மா ஹெட்போனைத் துணிகளுக்கடியில் ஒளித்துவைத்தார். பாட்டுக் கேசட் வேண்டும் என்று அப்பா கேட்கவே இல்லை. "பாட்டு வேணாம். பாப்பா கேசட்ட மட்டும் குடு" என்று கைநீட்டுவார். மிச்சக் காதும் போய்விடும் என்று அம்மா அழுதால், "மிச்சத்த வெச்சு என்னா பண்ணப் போறேன், அடுத்த வீட்டுச் சேவல் கூவுறதக் கேக்கவா?" என்பார். ஹெட்போனையும் கேசட்டையும் எடுத்துக் கொடுத்தோம். உறை உரிந்து உரிந்து வெறும் துணி மிஞ்சும்வரை கேட்டார். ஒரு மழைக்காலத்தில், பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, கேசட் கெட்டுப்போய்விட்டதா என்று என்னிடம் கேட்டார். கேசட் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் இளசுகள் குறைந்த விலையில், தனி எம்ப் இல்லாமல், கைப்பேசியிலேயே நன்றாகக் கேட்கிற ஹெட்போன் எது என்று விவாதித்தால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். ஓம் குறைவாகப் பாருங்கள், மூடிய கிண்ணமாகப் பாருங்கள், நன்றாகத் தெரிந்த ஒரு குரலைப் பாதிச் சத்தத்தில் போட்டுப்பாருங்கள். அது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தால் வாங்குங்கள், முழுக்கத் திருகினால்தான் கேட்கிறது என்றால் ஹெட்போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொருவர் காதில் வைத்துப்பாருங்கள் என்பேன். ஆலை இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலியும் புல்லும்தான். தவுக்கேயின் கடை கைப்பேசி உறை விற்கும் கடையாகிவிட்டது. கேசட் ஓட்ட வீட்டில் ஒன்றுமில்லை.

அப்பா இருக்கிறார். வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலம் கடந்து வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படிப் பேசுவேன். "நீ வாயசச்சா எனக்கு அந்தக் கேசட்டுக் குரல்தான் கேக்குது பாப்பா" என்று ஒருமுறை சொன்னார். என் குரல் இப்போது அப்படியில்லை. தடித்து, கரகரத்து, பாதி நாள் கோபத்தில் இருக்கிற ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல். அது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. போன வருஷம் அம்மா மருத்துவமனையில் இறந்தபோது அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, "அம்மா போயிட்டாங்கப்பா" என்றேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அவசரமாக என்னை இழுத்து அணைத்து, பத்து வயதுப் பிள்ளைக்குத் தடவுவது போல் தலையைத் தடவி, "பயப்படாத பாப்பா, அப்பா இருக்கேன்" என்றார்.