வெள்ளிக்கிழமைப் பெட்டிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜேர்மனியின் வெஸ்ட்பாலியாவில் பன்றி வளர்க்கும் கமக்காரர்களுக்கு நடுவே, ஒரு இறைச்சிக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி, அவர் மனைவி, நான், அவ்வளவுதான் ஆட்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் கத்தியை எடுத்தேனென்றால் அந்த ஊர் இறைச்சிக்காரர்களே நின்று பார்ப்பார்கள். பெருமைதான், சொல்லாமல் எப்படி?

மனைவி யாழ்ப்பாணத்தில். கலியாணம் முடிந்து ஒரு மழைக்காலம்கூட நாங்கள் சேர்ந்து இருக்கவில்லை. அவளைக் கூப்பிடுவதற்கு வீடு வேண்டும். முற்றத்துக்கு அப்பால் முதலாளியின் இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன. தினமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன்.

இறைச்சி வேலை என்று எழுதியதும் அவளிடமிருந்து பதில் வந்தது. "வேலையைச் செய்யுங்கோ. வெள்ளிக்கிழமையில மட்டும் இறைச்சியைத் தொடாதேங்கோ. தொட்டியளெண்டால் நான் வரமாட்டன்."

சனிச் சந்தைக்காக வெள்ளியில்தான் எங்களுக்குப் பெரிய வெட்டு. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கத்தோலிக்கரான அவர் சிரித்தார்.

"வெள்ளியில நாங்களும் இறைச்சி தின்னுறேல்லை. அதுக்காக வெட்டாமல் இருக்க ஏலுமோ?"

"நீங்கள் வெட்டி மூடித் தாங்கோ. பெட்டியை நான் கொண்டுபோய் வித்துக்கொண்டு வாறன்."

"உன்ர டொச்சுப் பேச்சுக்கு ஆர் வாங்குவான்?"

வாங்கினார்கள். வுப்பர்டால் நகரம் வரை வான் வண்டியில் போய், ஆலைச் சாப்பாட்டுக்கூடம், ஆஸ்பத்திரிக் குசினி என்று ஒன்றையும் விடாமல் ஏறி இறங்கினேன். ஓடர் பெருகியது. கொட்டில் இருந்த இடத்தில் பெட்டி கட்டும் மண்டபம் எழுந்தது. குளிர் லொறிகள் வாசலில் நின்றன. சுற்றுவட்டாரப் பன்றியெல்லாம் எங்களிடம்தான் வந்தது.

வெள்ளி இரவில் தலைமுழுகி, பருப்பும் சோறும் சமைத்துத் தனியே சாப்பிடுவேன். அவளுக்கும் அன்றைக்கு மரக்கறிச் சோறுதான். அந்த ஒரு சாப்பாட்டில் மட்டும் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம்.

கடைசியில் முதலாளி அந்த இரண்டு அறைகளின் சாவியைத் தந்தார். "இந்த மண்டபத்தைக் கட்டினது உன்ர மனுசியின்ர வெள்ளிக்கிழமை," என்றார்.

அவள் பிராங்பேர்ட்டில் வந்து இறங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை. என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"சவுக்காரம் மணக்குது."

"வெள்ளியில எப்பவும் இதுதான்."

"மற்ற நாளில?"

"மூக்கைப் பொத்திக்கொள்ளும்."

பெட்டி தூக்குவதில் என்னை வெல்ல ஆளில்லை. அவளுடைய பெட்டியை அன்று ஒரு கையாலேயே தூக்கினேன். மற்றக் கையை அவள் விடவில்லை.