நார்மல், மேடம்

என் அத்தான் குற்றாலிங்கம் தென்காசிப் பக்கம் போலீஸ் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி எதைக் கேட்டாலும் 'நார்மல், சார்' என்று சொல்லிச் சொல்லி அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது. குற்றால சீசன் கூட்டத்தில் நசுங்கிச் சட்டை கிழிந்து நின்றபோதும் நார்மல்தான்.

குடலில் கட்டி வந்து, திருநெல்வேலிக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டபோதும் அந்தப் புத்தி போகவில்லை. ஏற்றிவிட்டு மேலகரம் வீட்டுக்கு வந்தால் வாந்தி தொடங்கிவிடும். என் அக்கா அனுசியா காதில் விழக்கூடாதென்று குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு எடுப்பார். டேங்க் காலியானதுதான் மிச்சம், அக்காவுக்கு எல்லாம் தெரியும். கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, முகம் கழுவுனேன்" என்பார். என்ன மனுஷனோ!

மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். எடை பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது.

"இவ்வளவு இளைச்சிட்டீங்களே! இப்படியே போனா அடுத்த கீமோவைத் தள்ளித்தான் வைக்கணும். வாந்தி இருக்கா?"

அத்தான் விறைப்பாக எழுந்து நின்றார். "நார்மல், மேடம்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்லுதாரு மேடம்! ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு நாளு எடுக்காரு. பச்சத்தண்ணி கூட வயித்துல நிக்க மாட்டேங்குது."

"ஏன் சார் சொல்லல?"

அத்தான் மெல்ல உட்கார்ந்தார். "முடியலன்னு சொன்னா மருந்த நிறுத்திருவீங்கல்லா மேடம்? எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா இவளுக்கு யாரு இருக்கா?"

தம்பி நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நீங்க சொல்லாததாலதான் சார் நிறுத்துற நிலைமை வருது. சொன்னா வாந்திக்கு வேற மருந்து இருக்கு" என்றார் டாக்டர். கீமோவுக்கு முன்னாலேயே போட ஒரு மாத்திரை, பிறகு சில நாள் இரவில் போட ஒன்று என்று எழுதினார். குமட்டட்டும் என்று காத்திருக்காமல் சொன்ன நேரத்தில் போட வேண்டும், அதையும் மீறி வாந்தி வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு மருந்து ஏறியது.

மறுநாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். அத்தான் கட்டிலில் சாய்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

அக்காவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "லேசாக் குமட்டுது மாப்ள. வாந்தி இல்ல. வாயெல்லாம் கசக்கு, காலு ஓயுது. இந்த ரசத்துல உப்பும் இல்ல."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேற என்னெல்லாம் செய்யுது? சொல்லுங்க" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.